காலி வீட்டில் கர்ட்டன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மக்களே, இந்த வெள்ளிக்கிழமையோடு நான் ரிட்டயர். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு என்ன ரிட்டயர்மென்ட் என்று சிரிக்கிறீர்களா? ஒரு கோடை முழுக்க அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே டூவீலரில் அலைந்து வீடு வீடாக விளக்குக்கு அளவெடுத்துவிட்டு வந்து சிரியுங்கள். வேறு வேலை கிடைத்துவிட்டது, கிளம்புகிறேன். போவதற்குள் புதுப் பசங்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதிப் போடு என்றார் பாஸ். நல்லதாக வருமா என்று தெரியவில்லை. குரூப்பில் வேகமாக டைப் செய்கிறேன். பிழை இருந்தால் கண்டுக்காமல் படியுங்கள்.

வாட், லூமன், மஞ்சள் வெளிச்சம், வெள்ளை வெளிச்சம் எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். என் அனுபவத்தில் இந்த வேலைக்கு அதைவிட முக்கியம் சந்தேகம். எல்லாரையும் சந்தேகப்படுங்கள். கஸ்டமர், எலக்ட்ரீஷியன், ஃபால்ஸ் சீலிங்காரர், நம்ம பாஸ் வரைக்கும். (பாஸ், இதை நீங்கள் படிப்பது தெரியும்.)

"நாங்க எல்லாரும் ஹால்லதான் சார் இருப்போம், அங்க கிராண்டா பண்ணிடுங்க" என்பார்கள். நம்பாதீர்கள். சுவிட்ச் போர்டைப் போய்ப் பாருங்கள். எந்த சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்கு ஏறியிருக்கிறதோ அந்த விளக்குதான் அந்த வீட்டில் நிஜமாக எரிகிறது. ஹாலின் அலங்கார விளக்கு சுவிட்ச், கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கும். சாப்பாட்டு மேசை பக்கத்து டியூப்லைட் சுவிட்ச் கறுத்திருக்கும். பிள்ளை ஹோம்வொர்க் எழுதுவது, கீரை ஆய்வது, லேப்டாப்பில் ஆபீஸ் நடப்பது எல்லாமே அந்த மேசையில்தான். வெளிச்சத்தை அங்கே கொண்டு போங்கள்.

கிச்சனில் "வெளிச்சம் போதும்" என்று சொல்கிறவர் அனேகமாகச் சமைக்காத ஆள். சமைக்கிறவரைக் கூப்பிட்டு மேடை முன்னால் நிற்க வையுங்கள். விளக்கு கூரை நடுவில் இருந்தால் அது அவர் முதுகுக்குப் பின்னால் எரியும். அவருடைய நிழலிலேயே அவர் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு பட்டை விளக்கு வைத்தால் முடிந்தது விஷயம். பாத்ரூம் கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கை வைத்துவிட்டு, "மூஞ்சி ஏன் பேய் மாதிரி தெரியுது" என்று நம்மைக் கேட்பார்கள். முகத்துக்கு வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் வர வேண்டும்.

கடைசியாகச் சுவர். இதில்தான் உங்களுக்கு அடி விழும். சுவரை ஒட்டி மேலிருந்து கீழே வழியும் விளக்கு, படத்தில் பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் பெயின்ட்டுக்கு முன்னால் பட்டி ஒழுங்காகப் பூசாத சுவரில் அதைப் போட்டால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். கஸ்டமர் பட்டி பூசியவரைத் திட்ட மாட்டார். விளக்கு வைத்தவனைத்தான் திட்டுவார். அதனால்தான் நம் ஒவ்வொருவர் பையிலும் ஒரு டார்ச். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்து அடித்துப் பார்க்க வேண்டும். சுவர் தேறினால்தான் அங்கே விளக்கு.

அந்த டார்ச்சால் நான் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சுதா ஐ.டி.யில் வேலை பார்ப்பவர். அவருடைய அப்பா ஆவடியில் ஃபேக்டரி தொழிலாளி. சர்வீஸில் இருக்கும்போதே தவறிவிட்டார். சுதாவும் அம்மா மல்லிகாவும் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார்கள். காலி செய்ய வேண்டிய கெடு கழுத்துக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. லிஃப்ட் இருக்கும் கட்டடம் எதுவும் சுதாவின் லோனுக்குள் அடங்கவில்லை. தேடித் தேடி நூம்பலில் தரைத்தளத்தில் ஒரு ஃப்ளாட் அமைந்தது. அடுத்த வாரம் பத்திரப்பதிவு. பதிந்த மறுநாளே வேலை தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே விளக்குக்குத் திட்டம் போட நம்மைக் கூப்பிட்டிருந்தார்.

வீட்டை அமைத்துக் கொடுத்தவர் பாஸ்கர். புரோக்கர் என்றாலும் வெளியாள் இல்லை. அதே குவார்ட்டர்ஸில் எதிர் பிளாக்கில் வளர்ந்தவர். அவர் அப்பாவும் சுதாவின் அப்பாவும் ஒரே ஷிஃப்ட். மல்லிகாம்மாவை "அத்தே" என்றுதான் கூப்பிடுவார். குவார்ட்டர்ஸ்காரர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர் ஊராக வந்து ஒரே காம்பவுண்டில் சேர்ந்தவர்கள் என்பதால் வெளியிலிருந்து வருகிற ஒருத்தனையும் நம்ப மாட்டார்கள். காம்பவுண்டுக்குள் வளர்ந்த பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். அன்று அந்த வீட்டில் வெளியாள் நான் ஒருவன்தான்.

வாசலிலேயே சுதா ஆரம்பித்தார்.

"ப்ரோ, ஓப்பனா கேட்டுடறேன். நீங்க எழுதிக் குடுக்கற லைட்டுக்குக் கடைக்காரன் உங்களுக்கு எவ்ளோ குடுப்பான்?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க மேடம்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க." ஃபோனை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நீங்க பேசறத ரெகார்ட் பண்றேன். அப்பறம் மாத்திப் பேசக் கூடாது. ஓகேவா?"

"ஏன்டி, புள்ள வேகாத வெயில்ல வந்துகீது, மொதல்ல ஒரு வாய் தண்ணி குடுடீ" என்றார் மல்லிகாம்மா.

பாஸ்கர் கதவைத் திறந்து எல்லா சுவிட்சையும் தட்டினார். வீடு ஜொலித்தது. "பாத்தியா அத்தே, இன்னா பளிச்சுனு கீது! லைட்டெல்லாம் ஓனரே புச்சா போட்டுட்டாரு. நீ கட்டில தூக்கினு வந்து போட வேண்டியதுதான்." பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு இங்க வேலையே இல்ல நைனா. சும்மா ஒரு ரவுண்டு பாத்துட்டுப் போ" என்றார்.

நமக்கு வேலை இல்லை என்று யாராவது முந்திக்கொண்டு சொன்னால் கொஞ்சம் மெதுவாகப் பாருங்கள். எல்லா அறையிலும் கூரை நடுவே ஒரே மாதிரி பெரிய பேனல் விளக்கு. எந்த மூலையிலும் நிழல் இல்லை. விற்கப் போகிற வீட்டுக்குப் புது விளக்கு போடுவது ஊரில் நடக்கிறதுதான். என்னை நிறுத்தியது ஜன்னல்கள். எல்லா ஜன்னலிலும் கனமான கர்ட்டன், இழுத்து மூடியிருந்தது. பாய் கிடையாது, நாற்காலி கிடையாது, ஒரு பக்கெட் கூடக் கிடையாது. கர்ட்டன் மட்டும் இருக்கிறது.

"காலி வீட்ல கர்ட்டன் எதுக்குண்ணே?"

"வெயில் பட்டா பெயின்ட் வெளுத்துடும் நைனா."

புதுப் பெயின்ட் சில வாரத்தில் வெளுக்காது. ஆனால் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து வரும் வெயில், நம் டார்ச் செய்கிற அதே வேலையைச் சுவரில் செய்யும். எனக்கு அப்போதே அரிப்பு எடுத்துவிட்டது.

பின்னால் ஒரு பெட்ரூம், கார் நிறுத்துகிற இடத்தை மடக்கி இழுத்துக் கட்டியது. ஹாலிலிருந்து ஓர் உயரமான படி இறங்க வேண்டும். மல்லிகாம்மா சுதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முனகியபடி இறங்கினார். "இந்தப் படி ஒண்ணுதான்டா பாஸ்கரு, உசுரை வாங்குது."

"கைப்பிடி வெச்சுத் தரேன் அத்தே. இந்த ரூம் உனக்குத்தான். ஜன்னலாண்ட கட்டில போடு, காத்து பிச்சிகினு வரும்."

இரவில் எழுந்து போகிறவருக்குக் கூரை விளக்கு கண்ணைக் குத்தும். தரையை ஒட்டி மங்கலாக ஒரு விளக்கு வைத்தால் கால் தட்டாது. அதற்குக் கீழே ஒரு பிளக் வேண்டும். தேடினேன், இல்லை. ஹாலில் தேடினேன், அங்கேயும் இல்லை. வீடு முழுக்க எந்த பிளக்கும் என் நெஞ்சுக்குக் கீழே இல்லை. டிவிக்கான பிளக் கூட எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருந்தது.

"அண்ணே, பெரிய லைட்ட ஒரு நிமிஷம் ஆஃப் பண்றீங்களா? செவுத்துல ஒரு லைட் வெக்க முடியுமான்னு பாக்கணும்."

"செவுத்துல ஒண்ணும் வெக்காத. டிரில் போட்டா உள்ள வயர் கீது."

"டிரில் இல்லண்ணே. டார்ச்சுதான்."

அவர் நகரவில்லை. சுதாதான் எல்லா அறை சுவிட்சையும் அணைத்தார். கர்ட்டன் புண்ணியத்தில் பட்டப் பகலில் ஹால் நன்றாக இருட்டிவிட்டது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டி அடித்தேன்.

ஒரு கோடு எழுந்தது. மெல்லிய வரப்பு மாதிரி, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நேராக. கோட்டுக்குக் கீழே சுவர் ஒரு மாதிரி, மேலே வேறு மாதிரி. கீழே ஆங்காங்கே சதுரம் சதுரமாக அடைத்த தழும்புகள். பிளக் பெட்டிகள் இருந்த இடம். டார்ச்சை நகர்த்தினேன். கோடு மூலையில் திரும்பி அடுத்த சுவரிலும் ஓடியது.

"என்னது அது?" என்றார் சுதா.

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்கர் சிரித்தார். "அத்தே, நம்ம குவார்ட்டர்ஸ்ல கீழ ஒரு கலரு, மேல ஒரு கலரு அடிச்சு நடுவுல பட்டை இழுப்பாங்கோ இல்ல? அதான் இது. பழசை சொரண்டிட்டுப் புச்சு அடிச்சுகீறாரு. பட்டை இருந்த எடம் தெரியுது. பிளக்கு, புள்ளைங்க கைய வுடும்னு மேல தூக்கிட்டாரு."

மல்லிகாம்மா உடனே தலையாட்டினார். "ஆமாடீ, நம்ம ஊட்லயும் அப்டித்தான கீது. கீழ காப்பி கலரு."

மக்களே, இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். பாஸ்கர் சொன்னது பொய் மாதிரி இல்லை. குவார்ட்டர்ஸ் சுவர்கள் அப்படித்தான் இருக்கும். நான் நினைத்தது தண்ணீர். வெள்ளம் ஏறி நின்று, ஊறிய பூச்சை அந்த உயரம் வரை கொத்தி எடுத்து, புதிதாகப் பூசிய கோடு. பிளக்குகளை மேலே தூக்கியதும் அந்தத் தண்ணீருக்குப் பயந்துதான். ஆனால் என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டும்தான், ஆதாரம் ஒன்றும் இல்லை.

சுதாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. "ப்ரோ, லைட்டுக்கு வந்தவர் எதுக்கு இவ்ளோ நோண்டறீங்க? போன வாரம் வேற ஒரு புரோக்கர் இந்த வீட்டுக்கு இன்னொரு பார்ட்டி இருக்குன்னு சொல்லிட்டு சுத்தினான். உங்களை அவன் அனுப்பினானா?"

"என் ஆபீஸ்தான் அனுப்புச்சு மேடம்."

"அதையும் செக் பண்ணிக்கறேன்."

பாஸ்கர் வெளியே போய் யாருக்கோ ஃபோன் போட்டார். கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது. பாஸ்.

"டேய், நீ லைட்டு வெக்கப் போனியா, செவுத்துக்கு வைத்தியம் பாக்கப் போனியா?"

"சார், இங்க ஒரு கோடு..."

"கோடும் வேணாம், ரோடும் வேணாம். அந்த ஆளு பில்டருங்களுக்கு வேண்டியவன். நமக்கு சைட்டே அவனால வருது. வாய மூடிகினு அளவ எடுத்துகினு வந்து சேரு."

வைத்துவிட்டார். ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த அந்தப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீர் என்று சொல்லி அது பெயின்ட்டாக இருந்துவிட்டால், கெடு நெருங்கும் நேரத்தில் ஒரு குடும்பத்தின் வீட்டைக் கலைத்த பாவம் எனக்கு. பேசாமல் போய், அது தண்ணீராக இருந்துவிட்டால், முட்டி வலிக்கிற ஒரு அம்மா இந்த அறையில் படுத்திருப்பார். வேலை போவது அப்புறம். முதலில் எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஹால் சுவரும் தெரிந்தது, பின்னறைச் சுவரும் தெரிந்தது. ஹால் கோடு நேராகக் கதவு நிலை வரைக்கும் வந்தது. நிலையைத் தாண்டிப் பின்னறைக்குள் நேராகவே போனது.

தரை ஒரு படி இறங்கியிருந்தது. கோடு இறங்கவில்லை.

பட்டை இழுக்கிற பெயின்ட்டர் தரையிலிருந்து அளந்து குறித்துத்தான் நூல் அடிப்பார். தரை இறங்கினால் பட்டையும் சேர்ந்து இறங்க வேண்டும். தரை எப்படி இருந்தாலும் ஒரே மட்டத்தில் நிற்பது எது என்று எனக்குத் தெரியும். எழுந்தேன். ஆனால் சொல்லவில்லை. நான் சொன்னால் அது வெளியாள் பேச்சு.

"அம்மா, இந்த டார்ச்சப் புடிங்க. ஹால்ல செவுத்தோரமா நின்னு, கோடு உங்களுக்கு எங்க வருதுன்னு சொல்லுங்க."

"இன்னா தம்பி, வெளையாட்டு காட்ற?" என்று சொல்லிக்கொண்டே நின்றார். "இடுப்பாண்ட கீது."

"இப்ப படி எறங்கி அந்த ரூம்ல நில்லுங்கம்மா."

சுதா கை கொடுத்தார். மல்லிகாம்மா இறங்கி, பின்னறைச் சுவரில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். அவர் கை தன் இடுப்பைத் தொட்டது. பிறகு மேலே போய் நெஞ்சருகே நின்றது.

நான் பாஸ்கரைக் கேட்டேன். "அண்ணே, பட்டை தரையிலிருந்துதான அளப்பாங்க?"

"அது... மேஸ்திரி எப்டி அடிச்சானோ, எனக்கு இன்னா தெரியும்?"

"பாஸ்கரு." மல்லிகாம்மா திரும்பவே இல்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசினார். "இந்த ரூம்லதான எனக்குக் கட்டில் போடச் சொன்ன?"

"அத்தே, ஒரே ஒரு வாட்டிதான் அத்தே. அந்த ஒரு மழைக்குத்தான் வந்துது. அப்பறம் வர்ல."

சுதா தன் ஃபோனைப் பார்த்தார். என்னைப் பிடிக்க வைத்த ரெகார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக அதை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டார்.

"நின்னா நெஞ்சாண்ட வருது" என்றார் மல்லிகாம்மா. "நான் படுத்துகினு இருந்தா எங்கடா வரும்?"

அந்த அம்மா என் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டு, மகள் தோளைக்கூடப் பிடிக்காமல், சுவரில் கை ஊன்றி அந்தப் படியை ஏறினார்.

அன்று ஆபீஸில் எனக்குக் கிடைத்த பாராட்டு இதுதான். "லைட்டு வெக்கப் போன எடத்துல ஊட்டையே இல்லாம பண்ணிட்டியேடா." பாஸ்கர் வழியாக வந்துகொண்டிருந்த சைட் எல்லாம் நின்றது. பாஸ் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹீரோ ஆகிவிடுவீர்கள் என்று நினைத்து இதைச் செய்யாதீர்கள். ஆனால் சந்தேகம் வந்தால் அதை வாயால் சொல்லிச் சண்டைக்கு நிற்காதீர்கள். டார்ச்சை அந்த வீட்டில் படுத்துத் தூங்கப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

சுதாவும் அம்மாவும் குவார்ட்டர்ஸை விட்டுக் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு ஒரு நாள் சுதாவே ஃபோன் செய்தார். நெமிலிச்சேரியில் ஒரு வீடு, தனி வீடு, அடித்தளம் நன்றாகத் தூக்கிக் கட்டியது. வாசலுக்கே நாலைந்து படி ஏற வேண்டும். முட்டி வலிக்காரர் எப்படி ஒத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வாசலில் என்னை நிறுத்திவிட்டார் சுதா. "வெயிட் பண்ணுங்க ப்ரோ." உள்ளே இருட்டு. ஒரு டார்ச் வெளிச்சம் சுவர் சுவராக நகர்ந்தது, அலமாரிக்குள் போனது, பின்னறைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ஏற்கனவே ரெண்டு வாட்டி பாத்துட்டா தம்பி" என்றார் திண்டில் உட்கார்ந்திருந்த மல்லிகாம்மா. "இப்ப உன் முன்னாடி ஒரு வாட்டி பாக்கணுமாம்."

"படி ஏறறது கஷ்டமா இல்லியாம்மா?"

"வலிச்சா தைலம் தேச்சுக்கறேன். அதுக்கு இன்னா பண்றது?"

சுதா வெளியே வந்தார். "செவுரு ஓகே. வாங்க." உடனே ஃபோனை நீட்டினார். "இப்ப சொல்லுங்க ப்ரோ. கடைக்காரன் உங்களுக்கு எவ்ளோ குடுப்பான்?"

அந்த வீட்டில் நான் முதலில் வைத்தது ஹால் விளக்கு இல்லை. மல்லிகாம்மா கட்டிலுக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, மங்கலாக எரிகிற ஒரு சின்ன விளக்கு. மாட்டி முடித்ததும் அவர் குனிந்து பார்த்தார்.

"பிளக்கு இவ்ளோ கீழ கீதே தம்பி, பரவால்லியா?"

"இங்க கீழ இருக்கலாம்மா" என்றேன்.

அப்படியும் மல்லிகாம்மா, சுதா கையிலிருந்த டார்ச்சை வாங்கி, பிளக்கைச் சுற்றி ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.